ஆறு போத்தல்கள், ஒரு மோகனம்: விஞ்ஞானமும் சித்திரமும் சங்கீதமும் சேரும் காணொளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாடசாலை நேரசூசியில் விஞ்ஞானம், சித்திரம், சங்கீதம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடவேளைகளாகவே இருக்கின்றன. திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் சிறு காணொளிகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது, அந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசையாக இருந்தது. முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. மஞ்சள் கரைசலில் சுண்ணாம்பு சேர்ந்தவுடன் அது சிவப்பாக மாறுவதை அழகாகப் படமெடுத்து, அதன் மேல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு திரைப்படப் பாடலை ஒட்டி யூடியூபில் ஏற்றினோம். பதிப்புரிமை அறிவித்தல் வந்ததால் பாடலை நீக்கிவிட்டே காணொளியை வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஒலியில்லாத அந்தக் காணொளியை மறுபடி பார்த்தபோது அதில் எந்தக் குறையும் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பாடல் போனதால் விளக்கத்துக்கு எந்த இழப்பும் நேரவில்லை என்றால், அந்தப் பாடல் அங்கே எந்த வேலையையும் செய்யவில்லை.

அன்றிலிருந்து ஓர் அளவுகோலை மட்டும் வைத்திருக்கிறோம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் காணொளி பாதி விளங்காமல் போக வேண்டும். படத்தை மறைத்துவிட்டுக் கேட்டாலும் பாதி விளங்காமல் போக வேண்டும். பரிசோதனையே பாடினால்தான் இது நடக்கும். அப்படி நாங்கள் செய்த ஒரு நிமிடக் காணொளியை, கேள்வியைத் தேடுவதிலிருந்து போத்தல் கழுவுவது வரை, இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. தேவைப்படுபவை ஒரு கைத்தொலைபேசி, ஒரே வகையான ஆறு கண்ணாடிப் போத்தல்கள், சமையலறையிலும் வேலியோரத்திலும் கிடைக்கும் சில பொருட்கள் ஆகியவையே.

முதற்படி: தலைப்பை விட்டுக் கேள்விக்கு வருதல்

"ஒலி" என்பது ஒரு பாடத்தலைப்பு. அதை வைத்துக் காணொளி செய்ய இயலாது. "போத்தலில் தண்ணீர் கூடினால் சுருதி ஏறுமா, இறங்குமா?" என்பது ஒரு கேள்வி. இந்தக் கேள்வியை நாங்கள் தேர்ந்தெடுத்ததே ஒரு பிழையினால்தான். தண்ணீர் விட்ட கிண்ணங்களைத் தட்டி வாசிக்கும் ஜலதரங்கத்தை மனதில் வைத்து, "தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும்" என்று நான் பிரதியில் எழுதி வைத்திருந்தேன். தரம் 8 இல் படிக்கும் பிள்ளை ஒருத்தி மேசையில் இருந்த போத்தலின் வாயில் சும்மா ஊதிப் பார்த்துவிட்டு, "மாமா, ஊதினா ஏறுது" என்றாள். நான் கரண்டியால் தட்டிக் காட்டினேன், இறங்கியது. அவள் ஊதிக் காட்டினாள், ஏறியது. இரண்டும் உண்மை.

தட்டும்போது அதிர்வது கண்ணாடிச் சுவரும் அதோடு ஒட்டிய தண்ணீரும் ஆகும். தண்ணீர் கூடினால் அசைய வேண்டிய திணிவு கூடுகிறது, அதிர்வு மெதுவாகிறது, சுருதி இறங்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. தண்ணீர் கூடினால் காற்றுக்குரிய இடம் குறைகிறது, அதிர்வு விரைவாகிறது, சுருதி ஏறுகிறது. ஒரே வரிசையில் நிற்கும் ஆறு போத்தல்களை இடமிருந்து வலமாக ஊதினால் ஏறுவரிசையும், அதே திசையில் தட்டினால் இறங்குவரிசையும் கேட்கும் என்பதுதான் எங்கள் காணொளியின் முழு வேடிக்கையும். கேள்வியைத் தேடும்போது இப்படிப்பட்டவற்றையே தேடுங்கள்: பார்ப்பவர் ஒரு விடையை ஊகிக்க வேண்டும், ஊகம் தவற வேண்டும், தவறியது காதுக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்.

இரண்டாம் படி: போத்தல்களுக்குச் சுருதி சேர்த்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19 ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பரிவுக் கலத்தின் மிக எளிய வடிவமே வாயில் ஊதப்படும் போத்தல். அதன் மீடிறன் (தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதனை அதிர்வெண் என்பார்கள்) உள்ளிருக்கும் காற்றின் கனவளவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதசமமாக இருக்கும். ஆகவே சட்சம் எனும் 'ச' சுரத்தின் இரு மடங்கு மீடிறனுள்ள மேல் சட்சம் கேட்க வேண்டுமானால் காற்றை அரைவாசியாக்கினால் போதாது, கால்வாசியாக்க வேண்டும். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவர்கள் நிச்சயமாக அரைவாசிக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது கேட்கும் சுரம் மேல் சட்சத்துக்குப் பக்கத்திலும் வராமல், பாதிவழியிலுள்ள பிரதி மத்திமத்துக்கு அருகில் நின்றுவிடும். சங்கீதம் படிக்கும் பிள்ளைக்கு அது உடனே தெரியும். கணிதம் படிக்கும் பிள்ளைக்கு அது இரண்டின் வர்க்கமூலமான 1.41 என்று தெரியும். இருவரும் ஒரே விடயத்தைத்தான் சொல்கிறார்கள் என்று உணரும் அந்த நேரத்தில் தொலைபேசி பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும்.

இராகத்துக்கு மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சுரங்களும் மேல் சட்சமும் சேர்ந்து ஆறு போத்தல்களில் அடங்கிவிடும். சங்கீத வகுப்பில் தொடக்கத்திலேயே படிப்பதால் பிள்ளைகளுக்கும் பழக்கமானது. சட்சத்தை ஒன்று என வைத்தால் ரிஷபம் 9/8, காந்தாரம் 5/4, பஞ்சமம் 3/2, தைவதம் 5/3, மேல் சட்சம் 2 என்ற விகிதங்களில் மீடிறன்கள் அமையும். ஒவ்வொரு விகிதத்தையும் வர்க்கித்து, சட்சத்துக்குரிய காற்றின் கனவளவை அதனால் வகுத்தால் அந்தந்தச் சுரத்துக்குத் தேவையான காற்றின் அளவு கிடைக்கும்.

போத்தலைக் கழுத்தின் அடிவரை நிரப்பி, அந்தத் தண்ணீரை அளவுச்சாடியில் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். அது 750 மில்லிலீற்றராக இருந்தால், சட்சத்துக்கு 30 மில்லிலீற்றர் தண்ணீர் மட்டும் விட்டு 720 மில்லிலீற்றர் காற்றை வைத்துக்கொள்ளலாம். அதன்படி ரிஷபத்துக்கு 181, காந்தாரத்துக்கு 289, பஞ்சமத்துக்கு 430, தைவதத்துக்கு 491, மேல் சட்சத்துக்கு 570 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். வேறு அளவுள்ள போத்தல் என்றால் அதே கணக்கை அந்த அளவுக்குச் செய்துகொள்ள வேண்டும். இவை தொடக்க அளவுகளே. போத்தலின் தோள் வளைவும் ஊதுபவரின் உதடு வாயை எவ்வளவு மூடுகிறது என்பதும் சுருதியைச் சற்று நகர்த்தும். தண்ணீர் தோள்வரை எட்டுகின்ற மேல் சட்சப் போத்தலில் அந்த வேறுபாடு கூடுதலாகத் தெரியும். சுருதி காட்டும் செயலியைப் பார்த்துத் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கூட்டிக் குறையுங்கள். முடிவில் செயலியை மூடிவைத்துவிட்டு, சுருதிப் பெட்டியின் சட்சத்தைப் போத்தலின் சட்சத்துக்கு இணங்க வைத்துக் காதாலேயே சரிபாருங்கள்.

தட்டும்போது இதே போத்தல்கள் மோகனத்தைத் தரமாட்டா. இறங்குவரிசை கேட்கும், ஆனால் சுரத்தானங்கள் பிசகியிருக்கும். இதை ஒளிக்க வேண்டிய தேவையில்லை. எங்கள் காணொளியில் அந்தப் பிசகைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பதையும் விட்டுவைத்தோம்.

மூன்றாம் படி: நிறம்

கடையில் வாங்கும் சாயத்தைப் போத்தலில் ஊற்றினால் அது அலங்காரம் மட்டுமே. நிறமும் ஒரு பரிசோதனையாக இருக்க வேண்டும் என்பதால் நாங்கள் மூன்று தாவரங்களை மட்டும் பயன்படுத்தினோம். நீலச் சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலம் கிடைக்கும். அதில் சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் ஊதா, நிறைய விட்டால் இளஞ்சிவப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். செவ்வரத்தம்பூத் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்தால் சிவப்பு. மஞ்சள் தூளில் மஞ்சள். ஆறு சுரங்களுக்கு ஆறு நிறங்கள் ஆயிற்று. அமிலத்துக்கும் மூலத்துக்கும் நிறம் மாறும் இயற்கைக் காட்டிகள் என்ற பாடமும் அதற்குள் வந்துவிட்டது. மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாமல் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் பதிவுக்கு முன் அந்தப் போத்தலைக் குலுக்க வேண்டும்.

பிள்ளைகள் வாய் வைத்து ஊதப்போகிறார்கள் என்பதை மறவாதீர்கள். மஞ்சளைச் சிவப்பாக்கும் சுண்ணாம்பு கண்ணிலோ வாயிலோ பட்டால் தீங்கு செய்யும்; அந்தக் காட்சியை ஒரு தட்டில், பெரியவர் ஒருவரின் கையால், தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு பிள்ளை என்று பிரித்துவிட்டால் எச்சில் பிரச்சினையும் தீரும், தொடர்ந்து ஊதுவதால் வரும் தலைச்சுற்றும் குறையும்.

நான்காம் படி: பாட்டைக் கட்டுதல்

மெட்டும் சொல்லும் கருத்தும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்பதே இங்குள்ள ஒரே விதி. நாங்கள் எழுதியவை இரண்டே வரிகள்:

தட்டினால் தண்ணீர் ஆடும், தாழ்ந்து தாழ்ந்து பாடும்;
ஊதினால் காற்று ஆடும், உயர்ந்து உயர்ந்து பாடும்.

முதல் வரி அவரோகணத்தில் இறங்குகிறது, இரண்டாவது ஆரோகணத்தில் ஏறுகிறது. எது ஆடுகிறது என்ற விளக்கம் முழுவதும் அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது. "மீடிறன்", "நேர்மாறு விகிதசமம்" போன்ற சொற்களைப் பாட்டுக்குள் திணிக்க ஒரு பிள்ளை முயன்றான். பாடிப் பார்த்தபோது அவனே கைவிட்டான். அவை எழுத்தாகத் திரையில் வரட்டும்.

தாளம் ஆதி. ஒரு நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்று வைத்தால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 விநாடி எடுக்கும். ஒரு நிமிடக் காணொளிக்குப் பத்து ஆவர்த்தனங்கள். கேள்விக்கு இரண்டு, ஊதுவதற்கு மூன்று, தட்டுவதற்கு மூன்று, விளக்கத்துக்கு இரண்டு என்று ஒரு கடதாசியில் பத்துக் கட்டங்களைக் கீறி எழுதுங்கள். அதுவே உங்கள் பிரதி. அதற்கு மேல் எழுதினால் காணொளி நீளும்.

ஐந்தாம் படி: படப்பிடிப்பு

எங்கே எடுப்பது என்ற கேள்விக்குத் திருகோணமலைக்காரர் எவரும் கடற்கரை என்றுதான் சொல்வார். நாங்களும் மாலையில் டச்சு வளைகுடாக் கரையில் மேசை போட்டோம். கச்சான் காற்று வீசும் மாதம் அது. நாங்கள் ஊதுவதற்கு முன்பே காற்று போத்தல்களின் வாய்களை உரசிச் சென்று அவற்றைத் தானாகவே முனக வைத்தது. அதைவிட அழகான காட்சியை நாங்கள் இதுவரை எடுக்கவில்லை, ஆனால் ஒலிவாங்கியில் பதிந்தது இரைச்சல் மட்டும்தான். ஆகவே படத்துக்குக் கடற்கரையும் ஒலிக்கு வீட்டு அறையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளியிலேயே பதிய வேண்டுமென்றால் ஒலிவாங்கியைப் பஞ்சால் மூடி, போத்தலிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள்.

பெட்ரிக் கோட்டை வாசலும் அங்கே மேயும் புள்ளிமான்களும் பின்னணிக்கு ஆசையூட்டும். ஆனால் கோட்டைக்குள் இராணுவமும் துறைமுகப் பக்கத்தில் கடற்படையும் இருக்கின்றன என்பதால் அனுமதி கேட்காமல் முக்காலியை விரிக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. பிள்ளைகளின் முகம் தெரிவதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும்; கைகளையும் போத்தல்களையும் மட்டும் காட்டினால் இந்தச் சிக்கலும் இல்லை, பார்ப்பவரின் கவனமும் சிதறாது.

அறையில் எடுக்கும்போது ஒளி மினுங்குவதைக் கவனியுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால் பல மின்விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கமராவை விநாடிக்கு 25 சட்டகம், ஒளிபுகு நேரம் 1/50 விநாடி என்று வைத்தால் திரையில் பட்டைகள் ஓடுவது நிற்கும். மெதுவாக ஓடவிடும் காட்சிகளைப் பகல் வெளிச்சத்திலேயே எடுங்கள்.

பரிசோதனைக் காட்சியை வெட்டாமல் ஒரே எடுப்பில் எடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஊதி ஏறிய அதே போத்தல்களைக் கமராவை நிறுத்தாமல் தட்டிக் காட்டினால்தான் இடையில் தண்ணீரை மாற்றவில்லை என்று பார்ப்பவர் நம்புவார். பதினேழு முறை எடுத்தோம். பதினேழாவது முறையும் தைவதம் சற்றுப் பிந்தியது, அப்படியே வைத்துக்கொண்டோம்.

ஆறாம் படி: தொகுத்தலும் வரைதலும்

ஒலியைத் தனியாகப் பதிந்திருந்தால் ஒவ்வொரு எடுப்பின் தொடக்கத்திலும் ஒருவர் கமராவுக்கு முன் கைதட்ட வேண்டும். தட்டும் படத்தையும் ஒலி அலைவடிவத்தில் தெரியும் கூர்முனையையும் பொருத்தினால் இரண்டும் இணைந்துவிடும். விநாடிக்கு 25 சட்டகம் என்றால் ஓர் ஆவர்த்தனம் 150 சட்டகம். கேள்விப் பகுதியிலும் விளக்கப் பகுதியிலும் காட்சி மாற்றங்களைத் தாளத்தின் தட்டில் விழச் செய்யுங்கள். இதற்குக் கைத்தொலைபேசியில் கேப்கட் அல்லது கைன்மாஸ்டர் போதும்.

விளக்கத்துக்குரிய இரண்டு ஆவர்த்தனங்களும் பிள்ளைகளின் சித்திரத்தால் நிறைய வேண்டும். போத்தலுக்குள் இருக்கும் காற்றைப் புள்ளிகளாக வரைந்து, அவை நெருங்கி விலகுவதை ஒவ்வொரு தாளாகப் படமெடுத்தால் அசைவு கிடைக்கும். விநாடிக்கு ஆறு தாள் என்று வைத்தாலும் 12 விநாடிக்கு 72 தாள்கள் வேண்டும். ஆனால் அதிர்வு திரும்பத் திரும்ப வருவதால் எட்டுத் தாள்களைச் சுழற்சியாகப் பயன்படுத்தலாம். பிள்ளையின் கோடு சற்றுக் கோணலாக இருப்பதே இந்த இடத்துக்கு அழகு. கணினியில் அதை நேராக்கப் போகாதீர்கள். வசன வரிகளைத் தமிழோடு சிங்களத்திலும் இடுங்கள், ஏனென்றால் இது இரு மொழிகளும் கலந்து புழங்கும் ஊர்.

அடுத்து எதைச் செய்யலாம்?

போத்தல் காணொளி கைவந்த பிறகு குரலையே படமாக்கலாம். மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாடகி 1885 இல், ஒரு குழாயின் வழியே பாடினால் மேலே இறுக்கிய சவ்வில் தூவிய மணல் கோலங்களாக ஒழுங்குபடும் கருவி ஒன்றை உருவாக்கினார். அவரைப் போலச் செய்யப் பால்மாப் பேணி ஒன்று போதும். பேணியின் பக்கத்தில் துளையிட்டு எஸ்லோன் (பிளாஸ்டிக்) குழாயையும் எல்போ எனும் வளைவு இணைப்பையும் பொருத்துங்கள், வாயில் கழுத்து வெட்டிய பலூனை இறுக்கி இறப்பர் வளையம் போடுங்கள், மேலே தூள் உப்பைத் தூவிவிட்டுக் குழாய்க்குள் ஒரே சுரத்தில் "ஆ" என்று பாடுங்கள். அசையாத கணுக்கோடுகளில் உப்பு ஒதுங்கும். சுரம் மாறினால் கோலமும் மாறும். கடலோர ஈரப்பதனில் உப்பு கட்டியாகிவிடும் என்பதால் பாவிக்கும் முன் தாச்சியில் வறுத்து ஆறவிடுங்கள்.

சர் சி. வி. இராமன் இதே வழியில் மிருதங்கத்தை ஆராய்ந்தார். வெறும் தோல் அதிரும்போது எழும் மேற்சுரங்கள் இசைவான முழு எண் விகிதங்களில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கருஞ்சோறு எனும் கரிய பூச்சு தோலின் திணிவை மாற்றி அவற்றை இசைவாக்குகிறது என்று காட்டிய அவர், தோல் மேல் நுண்மணல் தூவி அதிர்வுக் கோலங்களைப் படமெடுத்து 1934 இல் வெளியிட்டார். மிருதங்கக்காரர் சம்மதித்தால் இதையும் செய்து பார்க்கலாம். எங்களூரில் இன்னும் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒரு பாட்டுக்காகக் காத்திருக்கின்றன. இராவணன் தன் தாயின் அந்தியக் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஐதிகம். ஒன்றுக்கொன்று வெப்பம் வேறுபடும் என்பதை அங்கு குளித்த எல்லோரும் அறிவர். வெப்பமானியால் ஏழையும் அளந்து, சூடு குறைந்ததற்குத் தாழ்ந்த சுரம், கூடியதற்கு உயர்ந்த சுரம் என்று கொடுத்து, கிணறுகள் இருக்கும் ஒழுங்கிலேயே வாசித்தால் எந்த மெட்டு வரும் என்பதை முன்கூட்டி எவராலும் சொல்ல இயலாது. குளிப்பவர்களைப் படம் பிடிக்காதீர்கள். அது வழிபாட்டோடும் தொல்லியலோடும் தொடர்புடைய இடம் என்பதால் முதலில் அனுமதி பெறுங்கள்.

வெளியிடுதல்

தலைப்பில் விடையைச் சொல்லிவிடாமல் கேள்வியை மட்டும் வையுங்கள். செங்குத்தாக எடுத்த மூன்று நிமிடம் வரையான காணொளியை யூடியூப் ஷோர்ட்ஸ் ஏற்கும். ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்ட எங்களுக்கு இதுவரை தேவை வரவில்லை. விவரப் பகுதியில் போத்தலின் கனவளவு, ஒவ்வொன்றிலும் விட்ட தண்ணீர், பூக்களின் பெயர் ஆகியவற்றைத் தவறாமல் எழுதுங்கள். அப்போதுதான் மூதூரிலோ கிண்ணியாவிலோ இருக்கும் ஒரு பிள்ளை அதை வைத்துத் தானே செய்து பார்க்கலாம். "எங்கள் போத்தலில் சுரம் சேரவில்லை" என்று எவராவது எழுதினால் முதலில் அந்தப் போத்தலின் அளவைக் கேளுங்கள்.

படப்பிடிப்பு முடிந்த அன்றே போத்தல்களைக் கழுவிவிட வேண்டும், செவ்வரத்தம்பூத் தண்ணீர் மறுநாளே மணக்கத் தொடங்கும். கழுவும்போது தொலைபேசியை அணைக்காதீர்கள். குழாயின் கீழே போத்தல் நிரம்ப நிரம்ப அந்த ஒலி மேலே மேலே ஏறிப் போவதை, ஊதிக் காட்டிய அதே பிள்ளைதான் முதலில் கவனித்தாள். எழுத்து எதுவும் போடாமல், பாட்டு முடிந்த பிறகு, அதை அப்படியே வைத்தோம்.